யாகர் 50 வயதைத் தாண்டியும் ஐஸ் ஹாக்கி ஆடியது திறமையாலா, அணி அவருடையது என்பதாலா?

நீங்கள் கேட்டிருப்பது இது: "செக் நாட்டு வீரர் யரோமிர் யாகர் 52 வயதிலும் தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆடினார் என்று படித்தேன். அந்த அணியே அவருடையதாம். அப்படியென்றால் அது வெறும் விளம்பரமா? உண்மையிலேயே அவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா? புதிதாகப் பார்ப்பவன் எங்கிருந்து தொடங்கலாம்?" இதில் இரண்டு சந்தேகங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று அவர் ஆட்டத்தின் தரம் பற்றியது, மற்றது அவர் உடல் அவ்வளவு காலம் தாங்கியது எப்படி என்பது பற்றியது. நான் விளையாட்டு வீரர்களுக்கான பிசியோதெரபிஸ்ட். பனித்தளத்தில் ஆடுபவர்களின் இடுப்பு மூட்டும் தொடையிடுக்குத் தசைகளும்தான் என் அன்றாட வேலை, அதனால் இரண்டாவது சந்தேகத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன். யாகருக்கு நான் சிகிச்சை அளித்ததில்லை. அவர் உடலைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, தொழில் அறிவோடு பொருத்திப் பார்த்துச் சொல்வது. பதிவேட்டில் இருப்பது எது, என் கணிப்பு எது என்று அங்கங்கே பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

முதலில் பதிவேடு. என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க லீக்கில் யாகர் 1,733 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். 766 கோல், 1,155 அசிஸ்ட், மொத்தம் 1,921 புள்ளிகள். (கோல் அடித்தாலும், கோலுக்கு வழி செய்த பாஸ் கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான் கணக்கு.) லீக்கின் வரலாற்றில் இதைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஒரே ஒருவர், 2,857 புள்ளிகள் எடுத்த வெய்ன் கிரெட்ஸ்கி. ஒரு பருவத்தில் அதிகப் புள்ளிகள் எடுப்பவருக்கான ஆர்ட் ராஸ் விருது 5 முறை, மிக மதிப்புள்ள வீரருக்கான ஹார்ட் விருது 1999இல், லீக்கின் சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பை 1991, 1992இல். 1995-96இல் 62 கோலும் 87 அசிஸ்டுமாக 149 புள்ளிகள் எடுத்தார். ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்து வந்த எந்த வீரரும் ஒரே பருவத்தில் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. நிகிதா குச்செரோவ் 2023-24இல் 144 வரை வந்தார்.

எண்களை மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் தெரியாமல் போகும். 1980களின் தொடக்கத்தில் என்.எச்.எல். ஆட்டம் ஒன்றில் இரு அணிகளுமாகச் சேர்ந்து சராசரியாக 8 கோல் விழுந்தது. யாகரின் உச்சக் காலமான 1990களின் பிற்பகுதியில் அது ஐந்தேகாலை ஒட்டி இறங்கிவிட்டது. கோல்கீப்பர்களின் காப்புக் கவசங்கள் பெரிதாகிவிட்டன, தடுப்பாட்ட முறைகள் இறுகிவிட்டன, ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பதையும் கட்டிப் பிடிப்பதையும் நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அந்தச் சூழலில் 1998-99இல் யாகர் எடுத்தது 127 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் வந்த ஃபின்லாந்தின் டீமு செலான்னே 107. ஒருவரின் பெருமையை அளக்க மொத்த எண்ணிக்கையைவிட இந்த 20 புள்ளி இடைவெளிதான் சரியான அளவு என்பது என் கருத்து. ஒரே காலத்தில், ஒரே விதிகளில், ஒரே எதிராளிகளுக்கு முன் ஆடியவர்களுக்கு இடையிலான ஒப்பீடு அது.

சரி, ஆள் எங்கிருந்து வந்தார்? 1972 பிப்ரவரி 15இல் கிளாட்னோவில் பிறந்தார். பிராகாவுக்கு வடமேற்கே, போல்டி எஃகு ஆலையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் நகரம். 1975 முதல் 1980 வரையிலான ஆறு பருவங்களில் ஐந்து முறை செக்கோஸ்லோவாகிய சாம்பியன் ஆன அணி அந்த ஊருடையது. பின்னாளில் பட்ரிக் எலியாஷ், தாமஸ் பிளெகானெட்ஸ், யாகுப் வொராச்செக் என்று பல என்.எச்.எல். வீரர்கள் அந்த அணியில் வளர்ந்தவர்கள். யாகர் 16 வயதிலேயே பெரியவர்கள் அணியில் ஆடத் தொடங்கிவிட்டார். அவர் முதுகில் இருந்த 68 என்ற எண், 1968இல் சோவியத் படைகள் பிராகாவுக்குள் புகுந்ததை நினைவுபடுத்துவது. நிலத்தை அரசுக்குக் கொடுக்க மறுத்துச் சிறை சென்ற அவர் தாத்தா இறந்ததும் அதே 1968இல். இது குடும்பம் சொல்லிவரும் வரலாறு, அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஏழு வயதிலிருந்து தினமும் ஆயிரம் முறை உட்கார்ந்து எழுந்தார் என்பதும் அவர் சொன்னதுதான். ஆயிரமா, எழுநூறா என்று இன்று யாரும் சரிபார்க்க முடியாது. ஆனால் அந்தத் தொடைகளைப் பார்த்தவர்கள் அடிப்படைச் செய்தியைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய வீரராக அவர் வாழ்க்கையில் தேதிகளுக்கு இருந்த முக்கியத்துவம் பெரியது. அவருக்கு முன்பு செக்கோஸ்லோவாகியாவின் இளம் வீரர்கள் என்.எச்.எல்.லுக்குப் போக வேண்டுமென்றால் நாட்டைவிட்டுத் தப்பியாக வேண்டும். பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் அவர் சகோதரர் ஆன்டனும் 1980இல் அப்படித்தான் போனார்கள். யாகரின் வயதையொத்த பெட்ர் நெட்வெட், 1989 ஜனவரியில், 17 வயதில், இளையோர் போட்டிக்காக கல்கேரிக்குப் போனவர் திரும்பவே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது. 1990 ஜூனில் வான்கூவரில் நடந்த டிராஃப்டில் (இளம் வீரர்களை என்.எச்.எல். அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) நெட்வெட் 2ஆவதாகத் தேர்வானார், யாகர் 5ஆவதாக. ஒருவர் குடும்பத்தைப் பிரிந்து ஓடிவந்து அந்த மேடையில் நின்றார், மற்றவர் முறையான கடவுச்சீட்டோடு வந்து நின்றார். இடையில் இருந்தது சில மாதங்கள்தான். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் கைக்குத்தான் போக வேண்டும் என்பதற்காக மற்ற அணிகளிடம் "நான் உடனே வர மாட்டேன்" என்று யாகர் சொல்லிவைத்தார் என்று ஒரு கதை உண்டு. நம்பக்கூடியதுதான், ஆனால் ஆவணம் என்று காட்ட எதுவும் இல்லாத வகைக் கதை. அவருக்குப் பிடித்த நட்சத்திர வீரர் மரியோ லெமியூ பிட்ஸ்பர்கில் இருந்தார் என்பது மட்டும் உறுதி.

முதல் குளிர்காலம் அவருக்குக் கடினமாக இருந்தது. 18 வயது, ஆங்கிலம் வராது, வீட்டு ஏக்கம். டிசம்பரில் பெங்குவின்ஸ் நிர்வாகம் கல்கேரியிலிருந்து இர்ஷி ஹர்டினா என்ற அனுபவசாலியான செக் வீரரை வாங்கியது. பையனோடு பேச ஆள் வேண்டும் என்பது அதற்கு முக்கியக் காரணம். இளம் ஐரோப்பிய வீரர்கள் அங்கே போய்த் தோற்பதற்குத் திறமைக் குறைவைவிடத் தனிமை அடிக்கடி காரணமாகிறது, அதனால் இதை நல்ல நிர்வாகத்துக்கு உதாரணமாகவே பார்க்கிறேன். அந்தப் பருவமே ஸ்டான்லி கோப்பை வந்தது. அடுத்த ஆண்டும் வந்தது.

தேசிய அணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998 நகானோ ஒலிம்பிக்கில் தங்கம். என்.எச்.எல். தன் பருவத்தை நிறுத்தி எல்லா நட்சத்திரங்களையும் அனுப்பிய முதல் ஒலிம்பிக் அது. அங்கே நாயகன் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக். அரையிறுதியில் கனடாவின் பெனால்டி ஷாட்டுகள் அனைத்தையும் தடுத்தார், யாகர் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்றார்கள். 2005, 2010 உலகச் சாம்பியன் அணிகளிலும் யாகர் இருந்தார். 2015இல், 43 வயதில், சொந்த நாட்டில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் மிக மதிப்புள்ள வீரராகத் தேர்வானார்.

இனி உடல். ஐஸ் ஹாக்கியில் ஒருவர் ஒரே மூச்சில் பனித்தளத்தில் இருப்பது முக்கால் நிமிடம் போலத்தான். அதற்கு ஒரு ஷிஃப்ட் என்று பெயர். முழு வேகத்தில் ஆடிவிட்டு இறங்கி உட்கார வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். வயதாகும்போது முதலில் போவது திடீர் வேகம். வேகமாகச் சுருங்கும் தசை நார்கள்தான் முதலில் மெலிகின்றன. தசை வலிமையும் தாங்குதிறனும் அதைவிட மெதுவாகத்தான் குறையும், பயிற்சியால் அவற்றை நெடுங்காலம் பிடித்து வைத்திருக்க முடியும். வேகத்தை மட்டும் நம்பி ஆடுபவர்கள் 33, 34 வயதில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். யாகர் இளமையில் வேகமானவர்தான். ஆனால் அவர் ஆட்டத்தின் அச்சாணி பக்கைக் (பந்துக்குப் பதிலாக வைத்து ஆடும் ரப்பர் வட்டு) காப்பது. 190 சென்டிமீட்டர் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை, நீண்ட ஸ்டிக். கால்களை அகட்டி, முழங்காலை ஆழமாக மடித்து, பின்புறத்தை எதிராளியின் மேல் சாய்த்துவிட்டு, பக்கைக் கைக்கெட்டும் தூரத்தின் கடைசி முனையில் வைத்துக்கொள்வார். நெரிசலான பேருந்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், கூட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தன் முதுகைக் கொடுப்பாள் இல்லையா, அதே வேலை. எதிராளி தள்ளும் விசையையே வாங்கிக்கொண்டு மறுபக்கம் சுழன்றுவிடுவார். அதற்குத் தேவை இடுப்பு வலிமையும் சமநிலையும் எதிராளி எந்தப் பக்கம் சாய்வான் என்ற ஊகமும். 40 வயதிலும் இந்த மூன்றும் மிச்சம் இருக்கும்.

இதோடு சேர்ந்தது அவருடைய பயிற்சி முறை. ஆட்டம் முடிந்த பிறகு, சில நேரம் நள்ளிரவுக்கு மேல், பாரம் வைத்த உள்சட்டை அணிந்து, கணுக்காலில் எடை கட்டி, கனமான ஸ்டிக்கோடு தனியாகப் பனித்தளத்தில் சறுக்குவார். இதைப் பல அணிகளின் சக வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள், கட்டுக்கதை இல்லை. ஆனால் என்னிடம் வரும் இளைஞர்கள் இதைக் கேட்டுவிட்டு மறுநாளே எடை கட்டிக்கொண்டு இறங்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். சறுக்கும்போது கால் பக்கவாட்டில் உதைத்து மீளும் ஒவ்வொரு முறையும் தொடையிடுக்குத் தசைதான் அதை இழுத்து நிறுத்துகிறது. கணுக்கால் எடை அந்தச் சுமையைப் பல மடங்கு கூட்டும். சிறு வயது முதல் அந்தத் தசைகளைக் கட்டிவைத்த ஒருவருக்குப் பலித்தது மற்றவருக்குக் காயமாக முடியும். அவருக்கே அந்தப் பயிற்சிதான் உதவியதா, இல்லை அவர் உடல்வாகு எதையும் தாங்கியிருக்குமா என்பதை ஒரே மனிதரை வைத்து நிரூபிக்க முடியாது. இரண்டும் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

அவருக்கும் தொடையிடுக்குக் காயம் வந்ததுண்டு. 1999 பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள்) முதல் சுற்றில், அந்தக் காயத்தோடு, நியூஜெர்சிக்கு எதிரான 6ஆவது ஆட்டத்துக்குத் திரும்பினார். தோற்றால் பருவம் முடிந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள் சொச்சம் இருந்தபோது சமன் செய்த கோலையும், கூடுதல் நேரத்தில் வென்ற கோலையும் அவரே அடித்தார். அப்போது பெங்குவின்ஸ் திவால் நடவடிக்கையில் இருந்த அணி, சொந்த மைதானத்தில் ஒவ்வொரு கூடுதல் ஆட்டத்தின் டிக்கெட் வருமானமும் உயிர் மூச்சு. ஓர் அணியின் பணப்பெட்டிக்கும் ஒரு வீரரின் காலுக்கும் உள்ள தொடர்பை அவர் அங்கேயே கற்றுக்கொண்டார் என்று எனக்குப் படும். அந்தப் பணப் பிரச்சினைதான் 2001இல் அவரை வாஷிங்டனுக்கு விற்கவும் வைத்தது. அங்கே பெரிய ஒப்பந்தம், சுமாரான ஆண்டுகள். 2004இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் போனார். 2005-06இல் 54 கோல், 123 புள்ளிகள். 1926இல் தொடங்கிய அந்த அணிக்கு இரண்டும் ஒரு பருவச் சாதனைகள்.

2008இல் அவர் ரஷ்யாவின் கே.எச்.எல். லீக்கில் ஆம்ஸ்க் நகரத்தின் அவாங்கார்ட் அணிக்குப் போனார், மூன்று பருவங்கள் ஆடினார். அங்கே போன சில வாரங்களிலேயே, அக்டோபர் 13 அன்று, 19 வயது அலெக்ஸேய் செரெபானோவ் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் சரிந்து விழுந்து இறந்தார். சற்று முன்தான் யாகரோடு ஒரே ஷிஃப்டில் ஆடி இறங்கியிருந்தார். அரங்கில் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. விளையாட்டு மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாரும் அந்த இரவை மறக்கக்கூடாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

"ரஷ்யா போகாமல் இருந்திருந்தால்?" என்று எப்போதும் ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரஷ்யாவில் மூன்று பருவங்கள், 2004-05இல் கதவடைப்பால் (வீரர்களோடு ஒப்பந்தத் தகராறில் அணி முதலாளிகள் ஆட்டங்களை நிறுத்தியது) முழுப் பருவம், 1994-95, 2012-13 கதவடைப்புகளில் ஏறக்குறைய இரண்டு அரைப் பருவங்கள். கிட்டத்தட்ட 400 ஆட்டங்கள் போயின. குறைத்து மதிப்பிட்டாலும் 300 புள்ளிகளாவது சேர்ந்திருக்கும், மொத்தம் 2,200ஐத் தாண்டியிருக்கும். ஆனால் இது கணிப்பு. அப்படியே வந்திருந்தாலும் கிரெட்ஸ்கி வெகுதூரத்தில்தான் இருந்திருப்பார். மறுபக்கமும் ஒன்று உண்டு. 82 ஆட்டப் பருவங்களுக்குப் பதிலாக 50 சொச்சம் ஆட்டங்கள் கொண்ட பருவங்கள், அதுவும் 36 முதல் 39 வயதில். அந்த மூன்று ஆண்டுகள்தான் அவர் மூட்டுகளைக் காப்பாற்றின என்று சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

2011இல் திரும்பி வந்தவர் பிலடெல்பியா, டல்லாஸ், பாஸ்டன், நியூஜெர்சி, ஃபுளோரிடா, கல்கேரி என்று அணி அணியாக மாறினார். பழைய பிட்ஸ்பர்குக்கு வராமல் எதிரி நகரமான பிலடெல்பியாவைத் தேர்ந்ததற்காக பிட்ஸ்பர்க் ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் அதே ஊர் அவர் 68ஐ இனி யாரும் அணியக்கூடாது என்று கூரையில் ஏற்றியது. இந்த இரண்டாம் வருகையில் ஃபுளோரிடா ஆண்டுகள்தான் என் மனதுக்கு நெருக்கமானவை. 2015-16இல் 44 வயதைத் தொட்ட ஆண்டு அலெக்ஸாண்டர் பார்கோவ், ஜோனதன் ஹுபர்டோ என்ற இரு இளைஞர்களோடு ஒரே வரிசையில் ஆடி 66 புள்ளிகள் எடுத்தார். அணியிலேயே அதிகம். அவர் என்.எச்.எல்.லில் முதல் ஆட்டம் ஆடியபோது அந்த இருவரும் பிறந்திருக்கவில்லை. 2016 டிசம்பரில், அதுவரை இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் மெஸ்ஸியரின் 1,887 புள்ளிகளைத் தாண்டியதும் பார்கோவ் அடித்த கோலுக்கான அசிஸ்ட் மூலம்தான். அப்புறம் கல்கேரியில் காயங்கள், 22 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். 2018 ஜனவரியில் அந்தக் கதவு மூடியது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி: முதலாளி என்பதாலா? கிளாட்னோ அணியின் பெரும்பங்கு 2011இல் அவர் கைக்கு வந்தது. செக் லீக்கின் முதல் பிரிவிலிருந்து 2014இல் இறங்கி, 2019இல் ஏறி, மறுபடி இறங்கி, 2021இல் மீண்டும் ஏறிய அணி அது. 2019இல் ஏறியபோது, 47 வயதில், தகுதிச் சுற்றின் ஓர் ஆட்டத்தில் அவர் 4 கோல் அடித்தார். முதலாளி என்பதற்காக எதிரணியின் கோல்கீப்பர் வழிவிட மாட்டார். அடுத்த பருவம் முதல் பிரிவிலும் அவர் கோல் எண்ணிக்கை இரட்டை இலக்கம். ஆகவே 48 வயது வரை அவர் தன் இடத்தை ஆட்டத்தாலேயே சம்பாதித்தார் என்று உறுதியாகச் சொல்வேன். 50ஐத் தாண்டிய பிறகு நிலைமை வேறு. ஆட்டங்களும் குறைந்தன, புள்ளிகளும் குறைந்தன. இன்னொருவர் அணியில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது என்பதே என் எண்ணம். அவர் இறங்கினால்தான் அரங்கு நிறையும், விளம்பரதாரர்கள் தங்குவார்கள் என்பதை அவரும் பேட்டிகளில் மறைத்ததில்லை. ஓய்வெடுக்க விரும்பியும் அணிக்காக ஆடுகிறேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அதை விளம்பரம் என்று நீங்கள் அழைத்தால் மறுக்க மாட்டேன். ஆனால் விளம்பரத்தின் பயன் யாருக்குப் போனது என்றும் பார்க்க வேண்டும். பணக்கார நகரங்களின் அணிகளோடு போட்டியிட முடியாத ஓர் ஆலை நகரத்தின் அணி முதல் பிரிவில் நிலைக்க, தன் மூட்டுகளை அவர் செலவு செய்தார். 50 வயதில் மோதல் உள்ள ஓர் ஆட்டத்தில் இறங்குவது எவ்வளவு வலிக்கும் என்று தொழில்முறையில் எனக்குத் தெரியும்.

பார்க்கத் தொடங்க நான் பரிந்துரைப்பது இரண்டு. முதலில் 1992 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் முதல் ஆட்டம். சிகாகோ 4-1 என்று முன்னிலை பெற்றிருந்தது, பெங்குவின்ஸ் 5-4 என்று வென்றது. 4-4 என்று சமன் செய்த கோல் யாகருடையது. சுவரோரம் பக்கை வாங்கி, அடுத்தடுத்து எதிராளிகளைக் கடந்து நடுப்பகுதிக்கு வருவார். அதில் அவர் மேல்பாதியைப் பார்க்காமல் இடுப்பையும் முழங்காலையும் மட்டும் கவனியுங்கள். அடுத்து 2015-16 ஃபுளோரிடா ஆட்டங்கள் எதையாவது எடுத்து, எதிரணி வலைக்குப் பின்னால் மூலையில் அவர் பக்கோடு நிற்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வேகம் போய்விட்டிருக்கும். அந்த நிலை, அந்த அகட்டிய கால், முதுகைக் கொடுக்கும் விதம் அப்படியே இருக்கும். அந்த ஆட்டங்களில் பார்கோவ் அருகில் நின்று அதைக் கற்றுக்கொள்வதும் தெரியும். முடிந்தால் அதற்குப் பிறகு 2024இல் ஃபுளோரிடா கோப்பை வென்ற தொடரில், தலைவராக பார்கோவ் மூலையில் பக்கைக் காக்கும் விதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.